கேஸ் வாசனை வந்தால் கை முதலில் எங்கே போக வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். வீட்டில் நான், 9 வயது மகன், 5 வயது மகள், 72 வயது மாமியார். போன மாதம் புது சிலிண்டர் மாற்றிய அன்று சாயங்காலம் சமையலறையில் கேஸ் வாசனை அடித்தது. உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசனை போய்விட்டது. மறுநாள் ஏஜென்சியிலிருந்து வந்தவர் வால்வுக்குள் இருந்த வாஷரை மாற்றிக் கொடுத்தார். "ஃபேன் சுவிட்சைப் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தது உங்கள் நல்ல நேரம்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தீயணைப்பான் வாங்கலாமா என்று கேட்டால் கணவர் வீண் செலவு என்கிறார். அவருடைய மின்சார ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே ராத்திரியெல்லாம் சார்ஜில் இருக்கும். மாமியார் பூஜை அலமாரியில் விடிய விடிய விளக்கு எரிய விடுகிறார், சொன்னால் கோபித்துக்கொள்கிறார். கணவர் இல்லாத இரவுகளில் கிரில் கேட்டைப் பூட்டி, சாவிக்கொத்தை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். இன்னும் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேஸ் பற்றிப் படித்தபோது எனக்கு வந்த பயத்தைவிட, கடைசியில் சாவி பற்றிப் படித்தபோது வந்த பயம் அதிகம். அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்ட வரிசையிலேயே போவோம்.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மிளகாய் கருகினாலும் மீன் பொரித்தாலும் கை அந்த சுவிட்சுக்குத்தான் போகும். வருஷக்கணக்கில் பழகிய கை. நான் தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் இருந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். அந்த மாதிரி நேரத்தில் நின்று யோசித்துச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் ஒன்றுதான். கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். அதனால் நான் எழுதப்போவதில் முக்கால்வாசி, கையைப் பழக்குவது பற்றித்தான்.

அன்று உங்கள் சமையலறையில் நடந்ததைச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் ஒரு லிட்டர் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரிந்துவிடும். அது காற்றைவிடக் கனம். புகை மாதிரி மேலே ஏறாது, தண்ணீர் மாதிரி தரையோடு தரையாகப் பரவிப் பள்ளம் பார்த்துத் தேங்கும். சமையல் மேடைக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், சிங்க்குக்குக் கீழே. உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனோ கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேங்கிக் கிடந்த கேஸை அது கலக்கி மேலே கொண்டுவந்திருக்கும். அதைவிட மோசம், சுவிட்சைத் தட்டியபோது உள்ளே ஒரு சின்னப் பொறி பறந்திருக்கும். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்திருந்தாலே அந்தப் பொறி போதும். அன்று அந்த அளவுக்குச் சேரவில்லை, அதனால் தப்பித்தீர்கள்.

சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கொஞ்சம் கலந்து அனுப்புகிறார்கள். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்கு எட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே லேசாக வாடை வரும்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஓடிப் பதற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்று: உங்கள் மாமியார் வயதில் நிறையப் பேருக்கு மூக்கு மங்கிவிடும். அவர் ஒருவரே வீட்டில் இருக்கும்போது வாடை வந்தால் அவருக்குத் தெரியுமா என்று ஒருநாள் சோதித்துப் பாருங்கள். பெருங்காய டப்பாவைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் கேஸ் கசிவைக் கண்டுபிடித்துக் கத்தும் கருவி ஒன்று வாங்கி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். பலர் அதை அழகாகக் கண் மட்டத்தில் மாட்டி வைக்கிறார்கள். கேஸ் அந்த உயரத்துக்கு வரும்வரை அது சும்மாதான் இருக்கும்.

சரி, வாடை வந்துவிட்டது. கை முதலில் ரெகுலேட்டருக்குப் போக வேண்டும். அதைத் திருப்பி மூடுங்கள். எந்த சுவிட்சையும் போடாதீர்கள். எரிந்துகொண்டிருக்கிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், அணைக்கும்போதும் பொறி வரும். அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எது எரிந்தாலும் அமர்த்திவிடுங்கள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைப் போட்டு அழுத்துங்கள். நூலோடு தொங்குமே, அந்த மூடிதான். சிலிண்டர் வந்த அன்றே அதை அறுத்து எறிந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். சிலிண்டரின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்க விடுங்கள். பிறகு குழந்தைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, வெளியே நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இருக்கிற எண் அது. வாடை கண்ணைக் கரிக்கிற அளவுக்கு இருந்தால், அல்லது சீறுகிற சத்தம் கேட்டால், எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112. உங்கள் மெயின் சுவிட்ச் கீழே மீட்டர் பெட்டியோடு வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை அணைத்துவிடுவது நல்லது. நீங்கள் எந்த சுவிட்சையும் தொடாவிட்டாலும் ஃபிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும் அல்லவா, அதற்காக.

இதை வாயால் படித்தால் போதாது. இன்று சாயங்காலமே அடுப்புக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டரைத் தொட்டுத் திருப்புங்கள். பத்து நாள் தினமும் சமையல் முடிந்ததும் அப்படியே செய்யுங்கள். ராத்திரியில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

"சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்" என்று செய்தி வரும்போது பயந்துபோகிறோம். நான் போய்ப் பார்த்த அப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் சிலிண்டர் முழுசாக நின்றுகொண்டிருந்தது. வெடித்தது அறை. ராத்திரி முழுக்கக் கசிந்து நிறைந்த கேஸ், காலையில் யாரோ லைட்டைப் போட்டதும் பற்றிக்கொண்டு சுவரைத் தள்ளியிருக்கும். சிலிண்டரின் வாயில் தீ எரிகிறது என்றால் அந்தக் கணமே அது வெடித்துவிடும் என்று அர்த்தமில்லை. உள்ளே காற்று கிடையாது, அதனால் தீ உள்ளே புகாது. வெளியே எரிகிற தீ சிலிண்டரையே வெகுநேரம் சுட்டால்தான் அது பிளக்கும். தீயணைப்பு வாரத்தில், ஏப்ரல் 14 முதல் 20 வரை, எங்கள் ஆட்கள் பள்ளிகளிலும் கடைவீதிகளிலும் செய்து காட்டுவார்கள்: எரிகிற சிலிண்டரின் தலையில் ஈரச் சாக்கைப் போர்த்தி, கையை உள்ளே விட்டு வால்வை மூடுவது. ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீட்டில் அப்படி ஆகி, தீ சின்னதாக இருந்து, நீங்கள் ரெகுலேட்டரை எட்ட முடியும் என்றால் ஈரமான கனத்த துணியால் அதைச் செய்யலாம். எட்ட முடியாது என்றால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

வாஷர் விஷயம். சிலிண்டர் கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, மூடியைத் திறந்து வால்வுக்குள் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். குமிழ் வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம். எடை போட்டுக் காட்டுவதும், கசிவு பார்ப்பதும் அவர் கடமை, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி டி வரை. அந்த ஆண்டின் அந்த மூன்று மாதத்துக்குள் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுப்புக்குப் போகும் குழாய் உள்ளே கம்பி வலை பின்னிய, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு நிறக் குழாயாக, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதன் மேல் துணி சுற்றி வைக்கிறார்கள், அழகுக்கு உறை போடுகிறார்கள். உள்ளே எலி கடித்திருந்தாலும் வெடித்திருந்தாலும் தெரியாது. குழாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர்களின் வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன்.

எண்ணெய்ச் சட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சமையலறையில் கையைப் பழக்க வேண்டிய இரண்டாவது இடம் அதுதான். எண்ணெய் அதிகமாகக் காய்ந்து புகை வந்து, குப்பென்று பிடித்துக்கொண்டால் கை குழாயடிக்குப் போகும். தண்ணீரை ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி அந்தச் சூட்டில் ஆவியாகி, ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும். எரிகிற எண்ணெயை அப்படியே கூரை வரை வீசும். நம் ஊர்ச் சமையலறைகளில் முகத்திலும் மார்பிலும் வெந்து வருகிற பெண்களில் எத்தனை பேர் இப்படி வந்தவர்கள்! சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் கூடாது. அடுப்பை அணைத்து, ஒரு தட்டையோ பெரிய மூடியையோ பக்கவாட்டிலிருந்து சட்டியின் மேல் நகர்த்தி மூடிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் திறக்காதீர்கள். வடை, பஜ்ஜி சுடும் நாளில் எண்ணெய் வைக்கும் முன்பே அந்தத் தட்டைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வையுங்கள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போன நம் பாட்டிமார்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நைலான், பாலியெஸ்டர் நைட்டியோடு அடுப்புக்கு முன்னால் நிற்பதை விட்டுவிடுங்கள். அது எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஒட்டாது.

இனி மின்சாரம். ட்ரிப்பர் இருக்கிறதே, ஏதாவது ஆனால் விழுந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அளவுக்கு மீறி மின்சாரம் போனால்தான் அது விழும். பிளக் லூசாக இருந்தால் விழாது. எவ்வளவு மின்சாரம் போக வேண்டுமோ அவ்வளவுதான் போகிறது. ஆனால் பின்னுக்கும் துளைக்கும் நடுவே சரியாக ஒட்டாத அந்த இடம் மட்டும் காய்ந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் காயும். முதலில் பிளக்கின் முகம் பழுப்பு நிறமாகும், அப்புறம் அழுகிய மீன் போல ஒரு வாடை வரும். மீன் வாங்காத வீட்டில் மீன் வாடை வந்தால் சுவிட்ச் போர்டைப் பாருங்கள் என்று நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அயர்ன் பாக்ஸ் அரை மணி ஓடியதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள். ஜங்ஷன் பாக்ஸ் என்று கடையில் வாங்குகிறோமே, அதில் பெரும்பாலானவை 6 ஆம்பியர்; ஏறக்குறைய 1,400 வாட்தான் தாங்கும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பையும் கெய்சரையும் அதில் மாட்டக் கூடாது. உங்களுடையது வாடகை வீடு என்பதால் வயரிங்கை மாற்றும் உரிமை உங்களிடம் இல்லை. ஆனால் மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி, 30 மில்லி ஆம்பியரில் ஒன்று, போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஷாக் அடித்து உயிர் போவதை அது தடுக்கும், மின்கசிவால் வருகிற தீயில் ஒரு பகுதியையும் தடுக்கும்.

ஸ்கூட்டர் பற்றி உங்கள் கணவரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் பள்ளிக்குப் போகும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான் மத்திய அரசு பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. இன்று வருகிற வண்டிகள் அதைவிட மேம்பட்டவை. மின்சார வண்டியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டி நிற்கிற இடம்தான் என் கவலை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு இறங்கும் வழி ஒன்றே ஒன்று, அந்த மாடிப்படி. அதன் காலடியில் ராத்திரியெல்லாம் சார்ஜ் ஆகிறது வண்டி. லித்தியம் பேட்டரி ஒரு செல்லில் தறிகெட்டுச் சூடானால் அடுத்தடுத்த செல்லுக்குத் தாவிக்கொண்டே போகும். போர்வை போட்டாலும் அணையாது, அணைந்தது போல் இருந்து மறுபடி பிடிக்கும். அதன் புகை விஷம், அது நேரே படிக்கட்டு வழியாக மேலே, உங்களிடம்தான் வரும்.

வண்டியைப் படியை விட்டுத் தள்ளி, திறந்த வாசல் பக்கம் நிறுத்தி, எர்த் உள்ள தனிப் பிளக் பாயின்ட்டில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் கொஞ்ச நேரம் ஆற விட்டு, வண்டியோடு கொடுத்த சார்ஜரில்தான் போட வேண்டும். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் போட்டு, படுக்கும்முன் கழற்றிவிடுவது நல்லது. வண்டி கீழே விழுந்திருந்தால், மழைத் தண்ணீரில் நின்றிருந்தால், பேட்டரி உப்பியிருந்தால் சர்வீஸ் ஆட்கள் பார்க்கும்வரை சார்ஜே வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, பனியன் வேஸ்ட் மூட்டை ஏதாவது இருந்தால் நாளைக்கே எடைக்குப் போட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் அந்த மூட்டை இல்லாத படிக்கட்டு குறைவு என்று எனக்குத் தெரியும்.

இப்போது சாவிக்கு வருகிறேன்.

தீயைவிடப் புகைதான் ஆளைக் கொல்கிறது. தூங்குகிறவரைப் புகையின் நாற்றம் எழுப்பிவிடும் என்று நினைக்கிறோம். நிறைய வீடுகளில் எழுப்புவதில்லை. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் வாசனையும் இல்லாமல் ரத்தத்தில் கலந்து, தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடும். விழித்துக்கொண்டாலும், பழகிய நம் வீடே நமக்குத் தெரியாது. ஹாலில் புகை இறங்கிவிட்டால் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது.

பல வருடம் முன்பு ஓர் இரவு, வயதான தம்பதி இருந்த வீட்டுக்குப் போனோம். ஹாலில் இன்வெர்ட்டரும் அதைச் சுற்றி அடுக்கிய பழைய பேப்பரும் எரிந்திருந்தன. தீ பெரிதில்லை, பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டோம். கிரில் கேட்டை வெட்டி உள்ளே போனால் அந்த அம்மா கேட்டுக்கு இரண்டடி தள்ளி விழுந்து கிடந்தார். கையில் சாவிக்கொத்து. பீரோ சாவி, பெட்டிச் சாவி, மகள் வீட்டுச் சாவி என்று பதினோரு சாவிகள். நான்கைந்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர் பிழைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த கணவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. எந்தச் சாவி என்று கண்ணுக்குத் தெரியவில்லையே என்று ஆஸ்பத்திரியில் அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

தலையணைக்கு அடியில் சாவி இருந்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் மயங்கிவிட்டால் உங்கள் மகன் தேட மாட்டான், அவனுக்குத் தெரியாது. கேட் சாவியைக் கொத்திலிருந்து தனியே பிரியுங்கள். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரத்தில், உங்கள் மகனுக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டுங்கள். சாவியில் ஒரு தடித்த கயிறு கட்டுங்கள். இருட்டில் கை தடவினால் உணரும்படி. அந்த ஆணியில் வேறு எதையும் மாட்டக் கூடாது. பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். உள்ளே இருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் வைக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் அதைவிட நல்லது.

ராத்திரி படுக்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். மூடிய கதவு புகையையும் சூட்டையும் சில நிமிடங்கள் தடுத்து நிறுத்தும், அந்தச் சில நிமிடங்கள்தான் உங்களுக்கு வேண்டும். நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள், கதவின் கீழ்ச் சந்தில் ஈரத்துணியை அடைத்து, ஜன்னலில் நின்று சத்தம் போடுங்கள், டார்ச் அடியுங்கள். சுடவில்லை என்றால் தவழ்ந்து போங்கள். தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரம்வரைதான் மூச்சுவிடக்கூடிய காற்று இருக்கும். இறங்கும் படியில் புகை நிறைந்து, மேலே ஏறும் படி சுத்தமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போகலாம், அதனால் அந்தக் கதவின் சாவியும் இதே ஆணிக்குப் பக்கத்து ஆணியில் இருக்கட்டும். வெளியே வந்தபின் நகைக்கும் போனுக்கும் திரும்ப உள்ளே போகக் கூடாது. பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே கூரையில் மாட்டுங்கள். சமையலறையில் வேண்டாம், தாளிக்கும்போதெல்லாம் கத்தும், நீங்களே கோபத்தில் பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள்.

உங்கள் மாமியாரின் விளக்கு. அவரிடம் "அணையுங்கள்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். நம் வீடுகளில் விளக்கை அணைப்பதாக யாரும் சொல்வதில்லையே, மலையேற்றுவது என்றுதானே சொல்வோம்? சாயங்காலம் ஏற்றி, ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பூவால் தொட்டோ ஒரு சொட்டுப் பால் விட்டோ மலையேற்றிவிட்டுப் படுப்பதும் நம் பெரியவர்கள் வழக்கம்தான். தெருவில் இன்னொரு மூத்த அம்மா வாயால் அதைச் சொல்ல வைத்தால் இன்னும் சுலபம். மருமகள் சொன்னால் தடுப்பதாகத் தோன்றும். அத்தோடு எலி சங்கதியையும் சொல்லுங்கள். எண்ணெயில் ஊறிய திரி எலிக்குத் தீனி. எரிகிற திரியை இழுத்துக்கொண்டு ஓடி, சாமி படத்துக்குப் பின்னால் துணி மூட்டையில் விட்ட வீட்டுக்கு நானே தண்ணீர் அடித்திருக்கிறேன். எவ்வளவு சொல்லியும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால் சண்டை வேண்டாம். விளக்கை மர அலமாரியிலிருந்து இறக்கி, தரையில் அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் மணல் பரப்பி, நடுவே வைத்து, கண்ணாடிக் கூண்டு போட்டு மூடுங்கள். கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் பாட்டில், திரைச்சீலை எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் தரையோடு வரும் என்று சொன்னேன் இல்லையா, அதனால் அந்த விளக்கு இரவில் எரியும்வரை ரெகுலேட்டர் கட்டாயம் மூடியிருக்க வேண்டும்.

தீயணைப்பான் வீண் செலவில்லை, உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, 2 கிலோ ஏபிசி பவுடர் (திடப்பொருள், திரவம், வாயு மூன்றின் தீக்குமான பொடி) தீயணைப்பான் ஒன்று போதும். அதை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். தீ அங்கே பிடித்தால் எட்ட முடியாது. சமையலறைக்கு வெளியே, வாசலுக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். பின்னை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக அடிக்க வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து வினாடிதான் வரும். அதனால் குப்பைக்கூடை, திரைச்சீலை அளவுத் தீக்குத்தான் அது. உங்களுக்குப் பின்னால் வாசல் இருக்கும்போது மட்டும்தான். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஸ்கூட்டர் பேட்டரித் தீயோடு அதை வைத்துக்கொண்டு போராட வேண்டாம்.

யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரம், மெட்டியை வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். மாவு, பேனா மை, பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். உடம்பில் துணி பற்றினால் ஓடக் கூடாது. கீழே விழுந்து புரள வேண்டும். பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே கற்றுக்கொடுக்கலாம், சின்னவளுக்குப் பிடிக்கும்.

101-ஐ அழைக்கும்போது தெருப் பெயரோடு பக்கத்தில் இருக்கும் கோயிலையோ கடையையோ சொல்லுங்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். ஒருவர் தெருமுனைக்கு ஓடி வண்டிக்கு வழி காட்ட வேண்டும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, உங்கள் கணவரும் வீட்டில் இருக்கும்போது, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்து தெருவுக்கு வந்து சேருங்கள். சாவியை மகன் எடுக்கட்டும். மகளை ஒருவர் தூக்க வேண்டும், மாமியாரின் கையை ஒருவர் பிடிக்க வேண்டும். கணவர் இல்லாத இரவில் இரண்டையும் நீங்கள்தான் செய்யவேண்டியிருக்கும், அதையும் ஒருமுறை செய்து பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாருக்குப் படி இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் அவர் கட்டிலை எந்த இடத்துக்கு மாற்றலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.